ஷாக் அடிக்கும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள்

ஆபத்தான துடிப்பை ஷாக் கொடுத்து அடக்கும் ஐசிடி என்ற கருவியை நெஞ்சில் வைத்து ஒருவர் வீடு திரும்பியதும், ஒரே வாரத்தில் வீட்டின் நடைமுறை மாறிவிடுகிறது. மாடியில் இருந்த கட்டில் கீழே வந்துவிடும். பால் வாங்கப் பேரன் போவான். குளியலறைக் கதவைத் தாழிட வேண்டாம் என்று மனைவி சொல்வார். தினமும் கூட நடந்த நண்பர்கள் வாசலோடு நலம் விசாரித்துவிட்டு, "நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க சார்" என்று கிளம்பிவிடுவார்கள். எக்கோ பரிசோதனையில் இதயத்தின் பம்பிங் 25 சதவீதம் என்று வந்திருக்கிறது. போதாததற்கு உள்ளே ஒரு மிஷின். இதற்கு மேல் உடம்பை அலட்டிக்கொள்ளலாமா என்று எல்லோருக்கும் பயம்.

அத்தனையும் அன்பினால் செய்யும் ஏற்பாடுகள். ஆனால் இன்றைய மருத்துவம் சொல்வது இதற்கு நேர் எதிரானது. நோய் கட்டுக்குள் இருக்கும் இதயச் செயலிழப்பு நோயாளிகள் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பதை அமெரிக்க, ஐரோப்பிய இதயவியல் அமைப்புகள் தங்களுடைய மிக உறுதியான பரிந்துரைகளில் ஒன்றாக வைத்திருக்கின்றன. கருவி பொருத்தியவர்களுக்கும் அதே பரிந்துரைதான். உயிருக்கு ஆபத்தான துடிப்பு வந்தால் அந்த நொடியே கவனிக்க உள்ளேயே ஒரு காவல் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் அவர்கள் மற்றவர்களைவிடத் துணிந்து நடக்கலாம். அந்தத் துணிச்சலைக் கொடுக்க ஓர் எண் தேவை. அந்த எண் ஒவ்வொருவருடைய கருவியிலும் பதிவாகியிருக்கிறது. ஆனால் அதைச் சுமந்துகொண்டிருக்கும் பலருக்கு அது என்னவென்று யாரும் சொன்னதில்லை.

படுக்கையே மருந்தாக இருந்த காலம்

இதயம் பழுதானால் படுத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. மருத்துவர்கள்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் பாதிவரை மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் படுக்கையைவிட்டு இறக்காமல் வைத்திருந்தார்கள். 1952-இல் பாஸ்டனைச் சேர்ந்த சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும் நோயாளிகளைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். உட்காரவைத்ததே அன்று புரட்சி. இதயம் வீங்கிப் பலவீனமானவர்களுக்கு விதி இன்னும் கடுமையாக இருந்தது. நியூ ஆர்லியன்ஸில் ஜார்ஜ் பர்ச் என்ற புகழ்பெற்ற இதய மருத்துவர் அறுபதுகளில் அவர்களை மாதக்கணக்கில் படுக்கவைத்துச் சிகிச்சை அளித்தார்.

படுக்கை உடம்பை என்ன செய்யும் என்பதை 1966-இல் டாலஸ் நகரில் நடந்த ஒரு சிறிய ஆய்வு காட்டிக்கொடுத்தது. இருபது வயது ஆரோக்கியமான இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். எழுந்தபோது அவர்களுடைய உழைக்கும் திறன் பெரிதும் சரிந்திருந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரையும் தேடிப்பிடித்து மறுபடி சோதித்தார்கள். முப்பது ஆண்டு முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகமாக இருந்தது. இருபது வயது இளைஞனுக்கே இந்தக் கதி என்றால், அறுபது வயதில், பம்பிங் பாதியாகக் குறைந்த ஒருவரைக் கட்டிலோடு கட்டிப்போட்டால் அவருக்கு என்ன மிஞ்சும்?

1990-இல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ கோட்ஸும் சகாக்களும் இதயச் செயலிழப்பு நோயாளிகளை அவரவர் வீட்டிலேயே நிலையான சைக்கிளை எட்டு வாரம் மிதிக்கவைத்தார்கள். யாருக்கும் நிலைமை மோசமாகவில்லை. மூச்சு வாங்குவது குறைந்தது, கூடுதல் நேரம் மிதிக்க முடிந்தது. பத்துச் சொச்சம் பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான் என்றாலும், மருத்துவ உலகம் அதற்குப் பிறகுதான் கட்டிலைவிட்டு எழுந்தது.

கருவி எப்போது விழிக்கும்?

நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைக்கும் கருவிகளை எல்லோரும் பொதுவாக 'பேஸ்மேக்கர்' என்றே சொல்லிவிடுகிறோம். துடிப்பு குறையும்போது தட்டிக்கொடுத்து நடத்துவது பேஸ்மேக்கர். இதயத்தின் இரண்டு கீழறைகளையும் ஒரே நேரத்தில் சுருங்கவைத்துப் பம்பிங்கைச் சீராக்குவது சிஆர்டி. துடிப்பு தறிகெட்டு ஓடும்போது மின் அதிர்ச்சி கொடுத்து உயிரைக் காப்பது ஐசிடி. சிலருக்குப் பின்னவை இரண்டும் சேர்ந்த கருவி இருக்கும்.

ஐசிடிக்குப் பின்னால் ஒரு மனிதரின் துக்கம் இருக்கிறது. போலந்தில் பிறந்து இஸ்ரேலில் பணியாற்றிய மிஷேல் மிரோவ்ஸ்கி, தன் ஆசானான மருத்துவரை 1966-இல் இப்படியொரு திடீர்த் துடிப்புக் கோளாறுக்குப் பறிகொடுத்தார். நோயாளியைக் காலமெல்லாம் ஆஸ்பத்திரியில் மானிட்டரோடு வைத்திருக்க முடியாது, ஆகவே காப்பாற்றும் இயந்திரத்தை அவர் உடம்புக்குள்ளேயே வைத்துவிட வேண்டும் என்ற யோசனை அங்கே பிறந்தது. நடக்காத காரியம் என்று பெரிய மருத்துவர்களே சொன்னார்கள். 1980 பிப்ரவரி 4-ஆம் தேதி அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் ஐசிடி ஒரு பெண்மணிக்குப் பொருத்தப்பட்டது. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வெளியே நடமாட வேண்டும் என்பதற்காகவே உருவான கருவி இது. அதைப் பொருத்திக்கொண்டு வீட்டுக்குள் அடைந்து கிடப்பதைப் பார்த்தால் மிரோவ்ஸ்கி வருந்தியிருப்பார்.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். கருவிப் பரிசோதனை நாளில் நோயாளியின் இடது தோளுக்குக் கீழே, கருவி இருக்கும் மேட்டின் மேல், சோப்புக்கட்டி போன்ற ஒன்றை வைக்கிறார்கள், அல்லது கம்பியில்லாமலே இணைக்கிறார்கள். மடிக்கணினி அளவுள்ள 'புரோகிராமர்' திரையில் பேட்டரியின் மிச்ச ஆயுள், கம்பிகளின் நிலை, கடந்த மாதங்களில் இதயம் செய்த குறும்புகள் எல்லாம் வரிசையாக வருகின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு பட்டை. நிமிடத்துக்கு இத்தனை துடிப்பைத் தாண்டினால் கவனி, இத்தனையைத் தாண்டினால் வலியில்லாத சிறு மின்தூண்டலால் அடக்கிப் பார், அதற்கும் மசியாவிட்டால் ஷாக் கொடு என்று படிப்படியாக எழுதியிருக்கும். கருவி சிகிச்சையில் இறங்கும் மிகக் குறைந்த எண்தான் நமக்கு வேண்டியது. ஒருவருக்கு 170, இன்னொருவருக்கு 190, வேறொருவருக்கு 200. ஒவ்வொருவருக்கும் மருத்துவர் தனித்தனியாக அமைத்தது.

உடற்பயிற்சியில் இதயம் வேகமாகத் துடிப்பது இயல்பு. அந்த இயல்பான வேகம் கருவியின் எண்ணைத் தொட்டுவிட்டால், சில வேளைகளில் கருவி அதை ஆபத்தான துடிப்பு என்று தவறாக எடுத்துக்கொண்டு ஷாக் கொடுத்துவிடக்கூடும். எல்லோரும் பயப்படும் ஆபத்து இதுதான். இதைத் தவிர்க்கும் வழி எளிது. அந்த எண்ணுக்கு 10 முதல் 20 துடிப்பு குறைவாகவே பயிற்சியை நிறுத்திக்கொள்ள வேண்டும். கருவி 180-இல் இறங்கும் என்றால் 160-ஐ நம் எல்லையாக வைத்துக்கொள்ளலாம். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடும் ஒரு நோயாளி மிதமாக நடக்கும்போது துடிப்பு பெரும்பாலும் 100, 110-ஐ ஒட்டித்தான் இருக்கும். பயத்துக்கும் நிஜத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது பாருங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் பலர் வாசற்படி இறங்கவே தயங்குகிறார்கள்.

அந்த இடம் இப்போது இன்னும் அகலமாகியிருக்கிறது. 1,500 பேரை வைத்து நடந்த மாடிட்-ரிட் ஆய்வு 2012-இல் வெளியானது. துடிப்பு 200-ஐத் தொட்ட பிறகே இறங்கும்படியோ, அவசரப்படாமல் பொறுத்திருந்து இறங்கும்படியோ கருவியை அமைத்தால், தேவையற்ற சிகிச்சைகள் வெகுவாகக் குறைவதோடு உயிரிழப்பும் குறைகிறது என்று அது காட்டியது. பழைய அமைப்பிலேயே கருவி ஓடிக்கொண்டிருப்பவர்கள் இதை மருத்துவரிடம் கேட்கலாம். கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்கள் மட்டும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்குச் சிறிய உழைப்பிலும் துடிப்பு தாவி ஏறும்.

2,331 பேர் காட்டிய கணக்கு

நம்பிக்கை மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் நாடுகளின் 82 மையங்களில் 2,331 இதயச் செயலிழப்பு நோயாளிகளை வைத்து 'எச்எஃப்-ஆக்‌ஷன்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. எல்லோருக்கும் பம்பிங் 35 சதவீதம் அல்லது அதற்கும் கீழே. பாதிப் பேருக்கு 36 முறை மேற்பார்வையில் பயிற்சி, பிறகு வீட்டிலேயே தொடர வேண்டும். மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 2009-இல் முடிவு வந்தது.

அது அற்புதம் ஒன்றையும் அறிவிக்கவில்லை. மரணம் அல்லது ஆஸ்பத்திரி அனுமதி என்ற அளவுகோலில் பயிற்சிக் குழுவுக்கு 7 சதவீதம் சாதகம் இருந்தது. புள்ளியியல்படி அதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நோயின் தீவிரத்தைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்த பிறகு 11 சதவீதம் என்று உறுதிப்பட்டது. அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கிறது என்ற கேள்விக்குப் பயிற்சி செய்தவர்கள் நல்ல பதில் சொன்னார்கள், மனச்சோர்வும் ஓரளவு குறைந்திருந்தது. பயன் இன்னும் பெரிதாகத் தெரியாததற்குக் காரணம் அந்த ஆய்வுக்குள்ளேயே இருக்கிறது. மேற்பார்வை முடிந்து வீட்டுக்குப் போனதும் பெரும்பாலானவர்கள் சொன்ன அளவுக்குப் பயிற்சி செய்யவில்லை. உடற்பயிற்சி தோற்கவில்லை, அது கைவிடப்பட்டது. எனக்கு அந்த ஆய்வில் மிக முக்கியமான பாடமாகப் படுவது இதுதான்.

நம் கேள்விக்கான நேரடிப் பதிலும் அங்கேயே கிடைக்கிறது. அந்த நோயாளிகளில் 1,053 பேர் ஐசிடி வைத்திருந்தவர்கள். அவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்ததில், பயிற்சிக் குழுவில் 20 சதவீதம் பேருக்கு ஷாக் வந்திருந்தது. பயிற்சி செய்யாத குழுவில் 22 சதவீதம். நடந்ததால் யாருக்கும் ஷாக் கூடவில்லை. உட்கார்ந்திருந்ததால் யாரும் அதிலிருந்து தப்பவும் இல்லை.

அமெரிக்காவின் சியாட்டிலில் சிந்தியா டோஹர்டி குழுவினர் 160 ஐசிடி நோயாளிகளை எடுத்துக்கொண்டு 2015-இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அதில் ஜிம் கிடையாது. வீட்டைச் சுற்றி நடைதான். எட்டு வாரம், வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், பிறகு குறைந்த அளவில் தொடர்ச்சி. நடந்தவர்களின் உழைக்கும் திறன் தெளிவாகக் கூடியது, ஷாக் கூடவில்லை. கோபன்ஹேகனில் செலினா பெர்க் குழுவினர் உடற்பயிற்சியோடு, நோயாளியை உட்காரவைத்து அவருடைய பயத்தைப் பேசவைக்கும் செவிலியர் சந்திப்புகளையும் சேர்த்தார்கள். இந்த நோயில் காலுக்குப் பயிற்சி கொடுக்கும் முன் பயத்தோடு பேச வேண்டும் என்று அவர்கள் கண்டுகொண்டது பெரிய விஷயம்.

கடைமடைக்குத் தண்ணீர்

"இத்தனை நடந்தும் எக்கோவில் பம்பிங் அதே 25-தானே காட்டுது?" என்று சிலர் மனம் உடைந்துபோகிறார்கள். பயிற்சியின் பெரும்பகுதி இதயத்துக்கு வெளியேதான் வேலை செய்கிறது. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் அதே அளவுதான் என்றாலும், வாய்க்கால் தூர்வாரியிருந்தால் கடைமடை வயல் நனையும், தூர்ந்துகிடந்தால் நனையாது. இதயச் செயலிழப்பில் பம்ப் மட்டும் பலவீனமாவதில்லை. மாதக்கணக்கில் அசையாத தொடைச் சதை மெலிகிறது, அதற்குள் நுண்குழாய்கள் குறைகின்றன, ரத்தக் குழாய் விரிந்து கொடுக்கும் குணத்தை இழக்கிறது, நரம்பு மண்டலம் சதா பதற்றத்தில் இருக்கிறது. மாடி ஏறும்போது வாங்கும் மூச்சில் ஒரு பங்கு இந்தச் சதையின் புலம்பல். நடை இவற்றைத்தான் திருத்துகிறது. ஆகவே பலனை எக்கோ அறிக்கையில் மட்டும் தேட வேண்டாம். எத்தனை படிக்கு ஒருமுறை நின்றோம், இப்போது எத்தனை படிக்கு நிற்கிறோம் என்பதில் தேடுங்கள்.

எப்படித் தொடங்குவது

முதலில் ஒரு சோதனை. வசதியுள்ள இடத்தில் டிரெட்மில். இல்லாவிட்டால் ஆறு நிமிட நடை. ஆஸ்பத்திரி வராந்தாவில் 30 மீட்டரை அளந்து இரண்டு முனையிலும் அடையாளம் வைப்பார்கள். நோயாளி தன் வேகத்தில் போய்ப் போய்த் திரும்ப வேண்டும். ஓடக் கூடாது, மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. பிசியோதெரபிஸ்ட் பின்னாலேயே வருவார், விரலில் ஆக்சிஜன் மானியை மாட்டிப் பார்ப்பார், "எவ்வளவு கஷ்டமா இருக்கு?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். கடைசியில் கிடைக்கும் மீட்டர் கணக்குதான் அந்த நோயாளியின் தொடக்கப் புள்ளி. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு வராந்தாவும் ஆறு நிமிடமும் அக்கறையுள்ள ஒருவரும் போதும்.

220-இலிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரத்தை மறந்துவிடுங்கள். பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவருக்கும் பேஸ்மேக்கர் நடத்துகிற இதயத்துக்கும் அது பொருந்தாது. ஸ்வீடனின் குன்னர் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான அளவுகோல்தான் இங்கே துணை. 11 முதல் 13 வரை, அதாவது 'லேசு' என்பதிலிருந்து 'கொஞ்சம் கஷ்டம்' என்பது வரை போகலாம். அதையும் நினைவில் வைக்க முடியாதவர்கள், நடந்துகொண்டே கூட வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம். முதல் வாரம் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று இரண்டு மூன்று தடவையாக நடந்து, மெல்ல மெல்ல அரை மணி நேரத்துக்கு வரலாம். தொடக்கத்தில் சில நிமிடம் மெதுநடை, முடிக்கும்போதும் சில நிமிடம் மெதுநடை. சட்டென்று நிற்பது கூடாது.

எந்த வகைக் கருவி என்பதும் பயிற்சியைத் தீர்மானிக்கும். இது அதிகம் பேசப்படாத விஷயம். சில பேஸ்மேக்கர்கள் உடம்பின் அசைவை உணர்ந்துதான் துடிப்பைக் கூட்டும். நடக்கும்போது மார்பு குலுங்குவதால் கருவிக்குப் புரிந்துவிடும். நிலையான சைக்கிளில் கால்தான் சுழல்கிறது, மார்பு அசைவதில்லை. கருவி இவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளும், துடிப்பு ஏறாது, இவருக்கோ மூச்சு முட்டும். அப்படிப்பட்டவருக்கு நடையே மேல். சிஆர்டி வைத்தவர்களுக்கு மேல் எல்லை ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் இரண்டு அறைகளையும் சேர்த்து இயக்கும் வேலை தடைபட்டு, நன்றாக நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று சோர்ந்துபோவார். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் இப்படி ஆகிறது என்றால் மனதைரியக் குறைவு என்று விட்டுவிடாமல் கருவிப் பரிசோதனையில் சொல்ல வேண்டும். அமைப்பை மாற்றிச் சரிசெய்யக்கூடியது இது.

கருவி வைத்த முதல் நான்கு முதல் ஆறு வாரம் அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்குவதோ, கனமான குடம், சிலிண்டர் தூக்குவதோ கூடாது. கம்பி இதயத்தில் பிடித்துக்கொள்ள அவகாசம் வேண்டும். அதற்காகக் கையை மாதக்கணக்கில் தொட்டில் கட்டி வைத்தால் தோள் இறுகிவிடும், அது தனி வேதனை. தோளுக்குக் கீழே கையை ஆட்டலாம், ஆட்ட வேண்டும். பிறகு லேசான எடைப் பயிற்சியும் நல்லது, மூச்சைப் பிடிக்காமல் செய்யும்வரை. சிரசாசனம், மூச்சை அடக்கும் பயிற்சிகள், தலைக்கு மேல் பெரும் எடை தூக்குவது, தனியாக நீந்துவது ஆகியவை வேண்டாம்.

நம் ஊர் வெயிலையும் மறக்கக் கூடாது. நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் சித்திரை வெயிலில் வியர்க்க நடந்தால் உப்புச்சத்து குறைந்து துடிப்பு தடுமாறலாம். விடியற்காலை நல்லது. இரண்டு மூன்று நாளில் எடை 2 கிலோ கூடியிருந்தால், கால் வீங்கியிருந்தால், தலையணை கூட்டிப் படுக்க வேண்டியிருந்தால், காய்ச்சல் இருந்தால் அன்று நடை வேண்டாம், டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

"நாள் முழுக்க வீட்டு வேலை செய்யறேனே, அது போதாதா?" என்று பெண்கள் கேட்பதுண்டு. போதாது. குனிந்து, நிமிர்ந்து, நின்று, பாதியில் விட்டு இன்னொன்றைத் தொடும் வேலை உடம்பைக் களைக்கவைக்கும். இதயத்துக்கு வேண்டிய சீரான, இடைவிடாத உழைப்பாக அது அமைவதில்லை. அந்த அரை மணி நேரத்தை அவருக்கு ஒதுக்கிக் கொடுப்பது வீட்டில் இருக்கும் மற்றவர்களின் கடமை.

கிரிவலம் போகலாமா என்ற கேள்வியும் வரும். 14 கிலோமீட்டர் என்பது மாதக்கணக்கில் பழக வேண்டிய தூரம். அரை மணி நேரம் சிரமமில்லாமல் நடப்பவர் மருத்துவரைக் கேட்டு, பௌர்ணமிக் கூட்டம் இல்லாத ஒரு குளிர்ந்த நாளில், துணையோடு, ஒரு பகுதியை மட்டும் நடந்து பார்க்கலாம். ஆட்டோ கூப்பிடு தூரத்தில்தான் இருக்கும்.

ஷாக் வந்துவிட்டால்

நெஞ்சில் யாரோ ஓங்கி உதைத்தது போல இருந்தது என்று அனுபவித்தவர்கள் சொல்வார்கள். வலி நொடியில் போய்விடும், திகில்தான் தங்கிவிடும். ஒரே ஒரு ஷாக் வந்து, பிறகு நன்றாக இருந்தால், உட்கார்ந்து ஓய்வெடுத்துவிட்டு மருத்துவமனைக்குத் தகவல் சொல்லிக் கருவியைப் பரிசோதிக்க நேரம் வாங்க வேண்டும். அடுத்தடுத்து வந்தாலோ, மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் இருந்தாலோ 108-ஐ அழைக்க வேண்டும். ஷாக் வரும் நேரத்தில் நோயாளியைத் தொட்டுக்கொண்டிருந்தவருக்கு ஆபத்து ஒன்றும் இல்லை, அதிகபட்சம் ஒரு சிறு சிலிர்ப்பு. இது தெரியாமல் ஒரே கட்டிலில் படுக்கப் பயந்து விலகிப்போகும் தம்பதிகள் உண்டு. வெளியே சொல்லவும் கூச்சம். விலக வேண்டியதில்லை. பரிசோதனையில் காரணம் தெரிந்து, தேவையான மாற்றம் செய்த பிறகு, மருத்துவர் சொல்லும் நாளில் மறுபடி நடக்கத் தொடங்கலாம்.

கையில் இருக்க வேண்டிய சீட்டு

நம் பக்கத்தில் இந்த நோயின் முகம் கொடுமையானது. திருவனந்தபுரத்தில் 2013-இல் இதயச் செயலிழப்போடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த 1,205 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி வயது 61-தான். ஐந்து ஆண்டில் 59 சதவீதம் பேர் இறந்துபோனார்கள். சரியான மருந்துகள் எல்லாம் கிடைத்தவர்கள் அதில் சிறு பகுதியினர். இந்த நிலையில் பல லட்சம் செலவழித்துக் கருவி வைக்கிறோம். அதோடு சேர்ந்து வர வேண்டிய உடற்பயிற்சியோ, பெரிய ஊர்களின் சில மருத்துவமனைகளோடு நின்றுவிடுகிறது. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு 2014-இலேயே பம்பிங் 35 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ளவர்களுக்கு மேற்பார்வைப் பயிற்சியைச் சேர்த்துக்கொண்டது. கருவிக்குப் பணம் கொடுக்கும் நம் காப்பீட்டுத் திட்டங்களும் அதற்குப் பிறகான பன்னிரண்டு வாரப் பயிற்சிக்குப் பணம் கொடுக்க வேண்டும். கருவியின் விலையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை. தமிழ்நாடு அரசு 2023-இல் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அடையாளப்படுத்தியது. அவற்றில் முதல் ஒரு கிலோமீட்டரை இதய நோயாளிகளுக்கென்று ஒதுக்கி, உட்கார இருக்கையும் வாரம் ஒருநாள் ஒரு பிசியோதெரபிஸ்டும் வைத்தால் பெரும்பாலான ஊர்களில் பாதி வேலை முடிந்துவிடும்.

அதுவரை நோயாளியே கேட்டு வாங்கக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த கருவிப் பரிசோதனை நாளில், திரையை மூடுமுன், டெக்னீஷியனிடமும் டாக்டரிடமும் கேளுங்கள்: என் கருவி எந்த எண்ணில் சிகிச்சையில் இறங்கும், சிஆர்டி என்றால் அதன் மேல் எல்லை எவ்வளவு, நடக்கும்போது என் துடிப்பு எதுவரை போகலாம், எத்தனை நிமிடத்தில் தொடங்கட்டும். நான்கு வரிதான். டிஸ்சார்ஜ் சம்மரியின் ஓரத்திலோ கருவி அட்டையின் பின்னாலோ கையால் எழுதிக் கொடுத்தாலும் போதும். அதை ஒரு நகல் எடுத்து, காலையில் உங்களோடு நடக்க வருகிறவரிடமும் கொடுத்து வையுங்கள்.